இடப் பக்கப் பையில் ஆறு தோட்டாக்கள்

போன மாதம் பாதுகாப்புக் காவலர் பயிற்சி வகுப்பு முடிந்து எல்லோரும் காபி குடிக்கப் போனபோது, உங்களில் ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்து நின்றாள். "ஐயா, துவக்கில இருக்கிறது காணுமோ, இல்லாட்டி மேலதிகமாவும் தோட்டா கொண்டு போகோணுமோ?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, துப்பாக்கியில் இருப்பது போதுமா என்று சுற்றி வளைக்காமல் கேட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வேலையைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது என்று ஏதோ உளறி அனுப்பிவைத்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இடுப்பில் ரிவால்வரோடு இந்த ஊரில் நடந்தவன் ஒரு சின்னப் பெண்ணின் கேள்விக்கு நழுவிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். விடை எனக்கு இப்போதும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் மாண்ட்ரியலுக்கு வந்தது உலகக் கண்காட்சி நடந்த அறுபத்தேழாம் ஆண்டு. திருச்சியில் வாங்கிய இயற்பியல் பட்டத்தை இங்கே எந்த அலுவலகமும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டதற்குக் கொடுத்த சான்றிதழை, காகிதம் கொஞ்சம் கனமாகத் தெரியட்டுமே என்று விண்ணப்பத்தோடு வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் ஒரு பாதுகாப்பு கம்பெனி கூப்பிட்டது. கண் விழித்துப் படித்ததெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் குப்புறப் படுத்ததுதான் எனக்குச் சோறு போட்டது.

வேலை இதுதான். டவுன்டவுனில் இரத்தினக் கல் வியாபாரிகள் விற்கிற கற்களைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். கூடவே நாங்கள் இருவர் போக வேண்டும். சீருடை கிடையாது; சீருடை போட்டால் பெட்டியில் இருப்பதை ஊருக்கே அறிவித்த மாதிரி ஆகிவிடும். சாதாரண கோட்டு, டை, உள்ளே இடுப்பில் ஆறு தோட்டா போட்ட ரிவால்வர், மார்புப் பையில் பர்மிட். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் யாரோ இரண்டு குமாஸ்தாக்களாகத் தெரிய வேண்டும் என்பார் மானேஜர். அந்த விஷயத்தில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை.

கூடுதல் தோட்டா விஷயத்தில் கம்பெனியில் இரண்டு கட்சி. மானேஜர் ஒரு கட்சி. ஆறில் முடியாதது பன்னிரண்டிலும் முடியாது, ஆறு தீர்ந்தால் பெட்டியைப் போட்டுவிட்டு வியாபாரியை இழுத்துக்கொண்டு ஓடு என்பது அவர் வாதம். மறைத்து வைத்திருப்பவன் உயிரோடு தப்பிக்கத்தான் வைத்திருக்கிறான், சண்டை பிடிக்க இல்லை என்பார். என்னோடு ஜோடியாக வந்தவன் எதிர்க் கட்சி. இதே ஊரில் செயின்ட்-மிஷேல் பக்கத்துக்காரன், முன்பு போலீசில் இருந்தவன், பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுவான். துப்பாக்கியில் ஆறு, பையில் பன்னிரண்டு என்று நடப்பான். முதல் ஆறு திருடனுக்கு, அடுத்த ஆறு அவன் தம்பிக்கு என்பான். மூன்றாவது ஆறு யாருக்கு என்று கேட்டேன். அது எனக்குத் தூக்கம் வருவதற்கு என்றான்.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் என் வியாதி. மானேஜரோடு பேசினால் மறுநாள் ஆறோடு போவேன். ஜோடியோடு பேசினால் பன்னிரண்டோடு போவேன். ஒருநாள் வீட்டில், குளிர்காலக் கையுறை போட்டபடி வெற்று ரிவால்வரில் ஆறு தோட்டாவைப் போட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். நான்காவதைப் போடுவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. என் மனைவி மங்கை அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திருடன் அதுவரை காத்திருப்பானா என்று கேட்டாள். சரி, இனி வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரமே வேறொரு தெருவில் ஒரு வங்கியில் கொள்ளை நடந்தது, மறுபடியும் எடுத்துக்கொண்டேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் அடுக்ககத்தில், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி துணி அலமாரிக்கு மேல் இருக்கும். கூடுதல் ஆறு அதில்தான் கிடக்க வேண்டும். எடுத்துப்போகிற நாளில், ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமல் இருக்க ஒரு கைக்குட்டையில் முடிந்து ஓவர்கோட்டின் இடப் பக்கப் பையில் போட்டுக்கொள்வேன். பெட்டியில் இல்லையென்றால் பையில் இருக்கும், பையில் இல்லையென்றால் பெட்டியில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் நான் பார்த்ததே இல்லை.

எழுபதாம் ஆண்டு அக்டோபர் உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். தனி நாடு கேட்ட ஒரு குழுவின் ஆள் கடத்தல், வெடிகுண்டு என்று ஊர் கலங்கிக் கிடந்தது. தெருவில் ராணுவ லாரிகள். பெரிய கட்டிடங்களின் வாசலில் இருபது வயதுப் பையன்கள் ஹெல்மெட்டும் துப்பாக்கியுமாக நின்றார்கள். அவசரச் சட்டம் வந்திருந்தது. காரணம் சொல்லாமலே யாரையும் பிடித்து வைக்கலாம். யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றே புரியாத வாரம் அது.

அந்த வாரம்தான் தேவராஜன் வந்து இறங்கினார். மதுரை மருத்துவர், வயது இருபத்தைந்து. இங்கே ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பலருக்கு எங்கள் வீடுதான் அப்போது முதல் தங்குமிடம். வருகிறவர்கள் ஊரில் தைத்த மெல்லிய கோட்டோடு வருவார்கள். முதல் சம்பளம் வரும்வரை வீட்டிலுள்ள பழைய ஓவர்கோட்டைக் கொடுப்போம். அவர்கள் புதிது வாங்கியதும் அது திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகும். எங்களுக்கும் முதல் குளிரில் யாரோ அப்படிக் கொடுத்ததுதான்.

என்னிடம் இரண்டு ஓவர்கோட்டுகள். வேலைக்குக் கறுப்பு, மற்ற நேரத்துக்குப் பழுப்பு. அந்தப் புதன்கிழமை கறுப்பு சலவைக் கடையில் இருந்ததால் பழுப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வியாழன் காலை கறுப்புக்கு மாறிவிட்டேன். நான் போன பிறகு, மங்கை பழுப்பை எடுத்து தேவராஜனுக்குக் கொடுத்தாள். அவருக்கு அவள் ஒரே நாளில் அக்கா ஆகியிருந்தாள். நான் மட்டும் சார்.

வெள்ளிக்கிழமை பகல். நகைக் கடைக் கட்டிடத்தில் இரண்டு நடைக்கு நடுவே ஒரு மணி நேர ஓய்வு. ஜோடி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இடப் பக்கப் பையில் கை விட்டேன், ஒன்றும் இல்லை. பெட்டியில் இருக்கும் என்று நினைத்தேன். ஏனோ அன்றைக்கு மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளத் தோன்றியது. வீட்டுக்குப் போன் போட்டு மங்கையைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்து, பெட்டி காலியாக இருக்கிறது என்றாள். பழுப்புக் கோட்டில் பார் என்றேன்.

"அது தேவாகிட்டல்ல இருக்கு. ரெண்டு நாளா அதத்தான் போட்டுக்கிட்டுப் போறாரு. இன்னிக்கு ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ்ல ஸ்டாம்ப் வாங்கணும்னு கிளம்பினாரு. ஏங்க, என்ன ஆச்சு?"

ஒன்றும் இல்லை என்று போனை வைத்தேன். புதிதாக வருகிறவர்களின் காகிதங்களுக்கு ஸ்டாம்ப் குத்துகிற அலுவலகம் பத்து நிமிட நடைதான். அதன் வாசலில் காலையிலிருந்து சோதனை நடப்பதை வரும் வழியில் நானே பார்த்திருந்தேன். ஜோடியிடம் இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓடவும் முடியாது. அந்த வாரம் டவுன்டவுனில் ஓடுகிற மனிதனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அதிலும் என் நிறத்தில், இடுப்பு புடைத்த ஒருவனை.

தெருவின் எதிர்ப்புறத்தில் போய் நின்றபோது வரிசையில் அவரைப் பார்த்துவிட்டேன். பழுப்புக் கோட்டு, தோளில் கொஞ்சம் பெரிது. அவருக்கு முன்னால் நான்கு பேர். வாசலில் ஒரு போலீஸ்காரர் ஒவ்வொருவரையும் பையிலிருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னார். பக்கத்தில் ஒரு சிப்பாய், துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடித்தபடி நின்றான்.

நான்கு பேர் நகர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று நிமிடமா, ஐந்தா? அந்த நேரத்தில் நான் யோசித்ததை எழுதினால் இரண்டு பக்கம் வரும். குறுக்கே போய் அவரை வரிசையிலிருந்து இழுத்துவிடலாம். ஆனால் சோதனை வரிசையிலிருந்து ஒருவனை இன்னொருவன் இழுத்தால் போலீஸ்காரர் சும்மா இருப்பாரா? தமிழில் கத்தலாம், பைக்குள் கை விடாதே என்று. புரியாத மொழியில் ஒருவன் கத்தினால் அந்தச் சிப்பாய்ப் பையன் என்ன செய்வான்? நேராக போலீஸ்காரரிடமே போய், அந்தக் கோட்டு என்னுடையது, அதில் இன்னது இருக்கிறது என்று சொல்லலாம். பர்மிட் எங்கே? மார்புப் பையில். கோட்டுக்குள் கை விட்டால்தான் எடுக்க முடியும், கை விட்டால் கோட்டு விலகும், விலகினால் ரிவால்வர் தெரியும். மூன்று பேர். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு போனால்? இரண்டு பேர்.

மூன்றாவது வழிதான் சரி. இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. மெதுவாக நடந்து, கைகளை வெளியே வைத்துக்கொண்டு, வாயால் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வந்தால் அதைச் செய்யுங்கள். நான் செய்யவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். அவருக்காகப் பயமா, என் பர்மிட்டுக்காகப் பயமா, சுட்டுவிடுவான் என்ற பயமா என்று இத்தனை வருடம் பிரித்துப் பார்க்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

அவர் முறை வந்தது. போலீஸ்காரர் கோட்டுப் பையைச் சுட்டிக்காட்டினார். தேவராஜன் இடப் பக்கம் கை விட்டு, கைக்குட்டை முடிச்சை எடுத்தார். அது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. தானே நின்று நிதானமாக முடிச்சை அவிழ்த்து, இரண்டு கையாலும், கோயில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி மரியாதையாக நீட்டினார். சிப்பாய் ஒரு அடி பின்னால் போய்த் துப்பாக்கியை இறக்கி அவர் பக்கம் திருப்பினான். போலீஸ்காரர் அவர் முழங்கையைப் பிடித்தார். அப்போது தேவராஜன் திகைத்துப்போய் நாலா பக்கமும் பார்த்தார். எதிர்ப்புறத்தில் என்னைப் பார்த்துவிட்டார்.

நான் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடை. கண்ணாடிக்குள் குளிர்காலப் பூட்ஸ் வரிசையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி திரும்பியபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். என் இடுப்பில் ஆறு தோட்டா அப்படியேதான் இருந்தது.

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைத் திறக்காதே என்றார். இந்த வாரத்தில் நீ போய் அது என்னுடையது என்று சொன்னால் உன் பர்மிட் மட்டும் போகாது, மறைத்து எடுத்துப்போகிற பதினொரு பேருடைய பர்மிட்டும் போகும், எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது என்றார். அந்தப் பையன் டாக்டர், கடிதம் வைத்திருக்கிறான், ஒரு நாளில் விட்டுவிடுவார்கள் என்றார். எனக்கு அதுவும் சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். உடனே போங்கள் என்றாள். எனக்கு அதுவும் சரியாகப் பட்டது.

சனிக்கிழமை முழுக்க வீட்டிலேயே இருந்தோம். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ் வந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன். ஒருவரும் வரவில்லை. அதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கவே இல்லை. கோட்டு யாருடையது என்று முதலில் கேட்டிருப்பார்களே? எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டிருப்பார்களே? எங்கள் விலாசம் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒருவேளை விட்டுவிட்டார்களோ, வழி தெரியாமல் எங்காவது சுற்றுகிறாரோ என்று மங்கை இரண்டு தரம் பஸ் நிறுத்தம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போலீஸ் வராததையே நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இதை எழுத.

ஞாயிறு காலை என் ஜோடி காரோடு வந்து நின்றான். என்னை அமைதியாக இருக்கச் சொல்லும்படிதான் மானேஜர் அவனிடம் சொல்லியிருந்தார். அவன் என்னைப் பார்த்து, கோட்டைப் போடு, ரிவால்வரை வைத்துவிட்டு வா என்று மட்டும் சொன்னான். கூடுதல் பன்னிரண்டு இல்லாமல் தெருவில் இறங்காதவன், அன்றைக்கு அவனும் வெறும் இடுப்போடு வந்திருந்தான். ஆகவே பிள்ளைகளே, கடைசியில் உண்மையைச் சொல்லப் போனதும் என் முடிவு என்று மார்தட்டிக்கொள்ள வழியில்லை. ஒருவன் கூட்டிக்கொண்டு போனான், நான் போனேன்.

ஸ்டேஷனில் ஒரு வயதான அதிகாரி எழுதிக்கொண்டார். பர்மிட்டைப் பார்த்தார். கம்பெனி கொடுத்த தோட்டா டப்பாவை என் ஜோடி கொண்டுவந்திருந்தான், ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏன் இரண்டு நாள் என்று அவர் கேட்டபோது பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். சொன்னதையெல்லாம் விசாரித்து முடித்து, தேவராஜனைச் செவ்வாய்க்கிழமைதான் வெளியே விட்டார்கள். திங்கள் எட்டு மணி அவர் இல்லாமலே வந்து போய்விட்டது. மருத்துவமனையில் மரியாதையாகத்தான் பேசினார்கள், இடம் போனது போனதுதான். அடுத்த வருடம் வேறு இடம் கிடைக்கும்வரை ஒரு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினார். அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்று மங்கை சொல்வாள்.

என் பர்மிட் பதினான்கு மாதம் போயிற்று. ஒரு கிடங்கு வாசலில் டார்ச் விளக்கோடு நின்றேன். மற்ற பதினொரு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பர்மிட் திரும்பி வந்தது, வேலையும் வந்தது. கூடுதல் ஆறை எடுத்துப்போன நாளும் உண்டு, போகாத நாளும் உண்டு. ஒரு நாளும் அது தேவைப்படவில்லை. முதல் ஆறே தேவைப்படவில்லை. ஆகவே ஆறா, பன்னிரண்டா என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? எடுத்துப் போகிறவர்கள் தினமும் எடுத்துப் போங்கள், போகாதவர்கள் ஒரு நாளும் போகாதீர்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மங்கை ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். அவர் நாலு நாள் பசியோடு சாப்பிட்டார். கோட்டு அவ்வளவு கனமாக இருந்ததே, சந்தேகம் வரவில்லையா என்று மங்கைதான் கேட்டாள். இந்த ஊர்க் கோட்டு எல்லாமே இப்படித்தான் கனக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாராம். பையில் கை விடவே இல்லையா என்றாள். இரண்டு நாளும் குளிரில் விரல் விறைத்துப்போயிருக்கிறது, ஆனாலும் விடவில்லை. இன்னொருத்தர் கோட்டுப் பையில் எப்படி அக்கா கை விடுவது என்றார்.

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கோட்டு யாருடையது என்று கேட்டிருப்பார்களே, ஏன் எங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று கடைசியில் கேட்டுவிட்டேன். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"திரும்பத் திரும்ப அதத்தான் சார் கேட்டாங்க. சொல்லத்தான் இருந்தேன். ஆனா நீங்க எதிர்ல நின்னீங்க, என்னைப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டீங்க. உங்க வேலை அப்படி, ரகசிய வேலை, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு ஜாடை காட்டுறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதான் கடைசி வரைக்கும் வாயத் திறக்கல. நான் செஞ்சது சரிதானே சார்?"

மங்கை என்னைப் பார்த்தாள். சரிதான் என்று சொன்னேன். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள்.